நிழலைப் பிடித்து வரைந்தவர்: மாக்ஸ் பிளைஷர் சரித்திரம்

திருச்சுழிக்கும் அருப்புக்கோட்டைக்கும் உட்பட்ட வறள் பூமியில், வீரசோழன் பக்கத்தில் பிறந்தோர்க்கு மழையின் அருமையைப் பிறர் சொல்ல வேண்டுவதில்லை. கண்மாய் வற்றி, மானாவாரிப் புஞ்சையில் வேலை அற்றுப்போன மாதங்களில் தோற்பாவைக் கூத்தாடுவோர் ஊர் ஊராய் வருவர். சந்தைக் கூட்டம் கலைந்த பின்னர் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி, பின்னே விளக்கேற்றி, இராமாயணம் நடத்துவர். யாம் சிறுவராயிருந்த காலத்தில் அக்கூத்தைக் கண்டு மீண்ட மறுநாள் மாலை, விளக்கொளியில் வீட்டுச் சுவர்மீது விழுந்த எம் தம்பியின் நிழலை அடுப்புக்கரியால் வரைய முற்பட்டோம். நிழல் நின்றால் அன்றோ வரையலாம்! மூக்கு முடியுமுன் முகம் திரும்பிவிடும். கையைத் தொடங்குமுன் கை கீழே போய்விடும். வெள்ளையடித்த சுவரைப் பாழாக்கியதற்காக அன்னையாரிடம் வாங்கிய அடி இச்சரித்திரத்தோடு சேராதது.

ஓடும் நிழலை ஒரு கணம் நிறுத்தி வரைவது எங்ஙனம் என்னும் அக்கேள்விக்கு, யாம் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்னரே நியூயார்க்கு மாநகரில் ஒரு தையற்காரர் மகன் விடை கண்டிருந்தார் என்பதைக் கல்லூரிக்கு வந்த பின்னரே அறிந்தோம். அவர் பெயர் மாக்ஸ் பிளைஷர். நடிப்பவரைப் படம் பிடித்து, அப்படத்தின்மேல் கோடிட்டுச் சித்திரம் ஆக்கும் முறை அவராலேயே உலகுக்கு வந்தது. அவருடைய சரித்திரத்தை இப்பத்திரிகையில் எழுதப் புகுந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. அது உரிய இடத்தில் வரும்.

மாக்ஸ் 1883-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 19-ஆம் நாள், அக்காலத்தில் ஆஸ்திரிய ஹங்கேரிய சாம்ராஜ்யத்துக்கு உட்பட்டிருந்த கிராக்கோ நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். 1887-இல் அக்குடும்பம் அமெரிக்கா சென்றது. தந்தையார் நியூயார்க்கில் செல்வர்க்கு உடை தைத்து முதலில் நன்றாகவே வாழ்ந்தார். ஆனால் யந்திரத்தால் ஆயிரக்கணக்கில் ஆயத்த ஆடைகள் வந்து குவியவே, அளவெடுத்துத் தைக்கும் கைத்தொழில் நொடித்தது. குடும்பம் புரூக்ளின் பகுதியில் ஏழைகள் வாழும் பிரவுன்ஸ்வில் என்னுமிடத்துக்குக் குடிபெயர்ந்தது. அருப்புக்கோட்டையில் விசைத்தறியின் ஓசை கேட்கத் தொடங்கிய நாளில் கைத்தறி வீடுகள் பட்ட பாட்டை அறிந்தவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டா. தந்தையின் தொழிலைப் பறித்த யந்திரத்தின்மேல் மகனுக்கு வெறுப்புத் தோன்றியிருக்கலாம். தோன்றியதோ தீராத காதல்.

சித்திரக் கல்வியும் யந்திரக் கல்வியும் அவர் ஒருங்கே கற்றார். கூப்பர் யூனியன், ஆர்ட் ஸ்டூடண்ட்ஸ் லீக் முதலிய இடங்களில் பயின்று, புரூக்ளின் டெய்லி ஈகிள் என்னும் நாளிதழில் ஏவலாளாய்ச் சேர்ந்து, படிப்படியாய் அதன் கேலிச்சித்திரக்காரர் ஆனார். 1905-இல் மணம் புரிந்தார். பின்னர்ப் பாஸ்டன் நகரில் அச்சுக்கட்டை செய்யும் நிலையத்திலும், சிரக்யூஸ் நகரில் மின்சாரக் கருவிகள் விற்கும் நிறுவனத்துக்கு விலைப்பட்டியற் படங்கள் வரைவதிலும் சில ஆண்டுகள் கழிந்தன. அதன்பின் நியூயார்க்குக்கு மீண்டு, பாப்புலர் சயன்ஸ் மன்த்லி என்னும் விஞ்ஞான மாத இதழின் சித்திரப் பகுதிக்குப் பொறுப்பாளரானார். ஒரு திருகாணியைக் கூட அதன் மரை எத்தனை என்று எண்ணி வரையும் பழக்கம் இவ்வேலைகளால் வந்தது.

அந்நாளில் சித்திரப்படம் என்பது குழந்தைப் பருவத்தில் இருந்தது. வின்ஸர் மக்கே என்பார் ஆயிரக்கணக்கான தாள்களைத் தம் கையால் வரைந்து 1914-இல் கெர்ட்டி என்னும் பெருவிலங்கை நடக்கச் செய்தார்; ஆயினும் அவரைப் போன்ற கையுடையோர் இலர். ஏனையோர் படங்களில் உருவங்கள் வெட்டி வெட்டித் துள்ளின, காலூன்றாமல் மிதந்தன. இதற்கொரு வழி தேடலாகாதா என்று மாத இதழின் ஆசிரியர் வால்டமார் கேம்ப்ஃபர்ட் தூண்டியதாகச் சொல்வர். யந்திரமும் சித்திரமும் ஒருசேரக் கற்ற மாக்ஸ் நெடிது யோசித்தார். மனிதன் நடக்கும் நடையைக் கற்பனை செய்து வரைவானேன்? நடப்பவனையே படமெடுத்து, அப்படத்தின்மேல் வரைந்துவிட்டால் என்ன?

அவர் அமைத்த கருவியின் பெயர் ரோட்டாஸ்கோப். அதன் தத்துவம் எளிது. அக்காலத்துச் சலனப்படம் விநாடிக்குச் சுமார் 16 தனித்தனிப் படிமங்களாய் ஓடியது. ஆடுவோன் ஒருவனைக் காமிராவால் பிடித்து, அப்பிலிமை ஒளிபாய்ச்சும் யந்திரத்தில் இடுவர். ஓடவிடாமல் ஒரே ஒரு படிமத்தை மட்டும் மேசைச் சட்டத்தில் பதித்த கண்ணாடியின் பின்புறத்தில் விழச் செய்வர். கண்ணாடியின் முன்புறத்தில் தாளை வைத்து, ஊடுருவித் தோன்றும் உருவத்தின் விளிம்பை ஓவியன் வரைவான். வரைந்தபின் அடுத்த படிமத்துக்குப் பிலிமை நகர்த்தி, அடுத்த தாளை வைப்பான். எல்லாம் முடிந்த பின்னர் அத்தாள்களை வரிசைப்படி ஒவ்வொன்றாய்ப் படம் பிடித்தால், மனிதன் ஆடிய ஆட்டத்தை மையினாலாகிய உருவம் ஆடும். எம் வீட்டுச் சுவரில் நில்லாமல் ஓடிய நிழல் இக்கண்ணாடியில் எத்தனை நாழிகை வேண்டினும் அசையாமல் நிற்கும்.

தத்துவம் எளிதாயினும் உழைப்புக் கொடிது. ஒரு நிமிஷப் படத்துக்கு, விநாடிக்கு 16 வீதம், 960 தாள்கள். சகோதரர் ஜோ யந்திர வேலையில் வல்லவர். அவர் கருவியைப் பொருத்தினார். மற்றொரு சகோதரர் டேவ், கோனித் தீவின் கேளிக்கை மைதானத்தில் கோமாளி வேஷம் தரித்தவர். அவர் கறுப்பு அங்கியில் வெள்ளைப் பொத்தான்கள் துலங்க, காமிராவின் முன் ஆடினார். வெள்ளைப் பின்னணியில் கறுத்த உருவமாதலின் விளிம்பு தெளிவாய்த் தெரிந்தது. தோற்பாவைக் கூத்தில் வெள்ளைத் துணி கட்டுவதும் இக்காரணம் பற்றியே அன்றோ! பகலெல்லாம் சம்பள வேலை செய்து, இரவில் வீட்டில் கூடி அமர்ந்து அவர்கள் வரைந்தனர். ஒரு நிமிஷ அளவினதான அம்முதற் படம் முடிய ஏறத்தாழ ஓராண்டு சென்றது என்பர்.

1915-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 6-ஆம் நாள் கருவிக்குத் தனியுரிமை வேண்டி மனுச் செய்தார். 1917-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 9-ஆம் நாள் அது வழங்கப்பட்டது. சித்திரப்படத் தொழிலில் முன்னணியில் நின்ற ஜான் பிரே என்பார் தம் நிலையத்தில் மாக்ஸுக்கு வேலையளித்தார். முதல் உலகப் போரின்போது ஓக்லஹோமாவிலுள்ள ஃபோர்ட் ஸில் பாசறையில் இருந்து, தேசப்படத்தைப் படிக்கும் விதம், பீரங்கியைக் கையாளும் விதம் முதலியவற்றைப் புதுப் படைவீரர்க்குக் கற்பிக்கும் சித்திரப்படங்களைச் செய்தார். கல்வி புகட்டுவதற்குச் சித்திரப்படத்தைக் கையாண்ட முன்னோடிகளுள் ஒருவர் என்று அவரைச் சொல்லலாம்; ஆசிரியப் பெருமக்கள் இதனைக் கவனிப்பாராக.

போர் முடிந்த காலத்தில் மைக்கூட்டினின்று என்னும் பொருள்படும் பெயருடன் ஒரு படவரிசை வெளிவரலாயிற்று. மேசைமுன் மாக்ஸ் தாமே அமர்ந்திருப்பார், மைக்கூட்டைத் திறப்பார், பேனாவைத் தொட்டுத் தாளில் ஓரிரு கோடு இழுப்பார். கோமாளி எழுந்து நிற்பான். எழுந்தவன் அடங்கி நில்லான். தன்னைப் படைத்தவரையே எள்ளி நகையாடுவான். தாளினின்று குதித்து நிஜ மேசையின்மேல் ஓடுவான். முடிவில் பிடிபட்டு, மைத்துளியாய் மீண்டும் கூட்டுக்குள் செல்வான். மேலே அடைப்பான் விழும். 1921-இல் மாக்ஸும் டேவும் பிரேயை விட்டு நீங்கிச் சொந்த நிலையம் கண்டனர். சில ஆண்டுகளில் அக்கோமாளிக்குக் கோகோ என்று பெயர் வழங்கிற்று. அவன் உடல் மையாயினும் நடை டேவுடையது. அண்ணன் வரைய, தம்பியின் உடலசைவு தாளில் ஏறியது.

இங்கு ஓர் ஆட்சேபத்தை ஆராய்வது கடமை. நிழலின்மேல் கோடிழுப்பது கலையாகுமோ? மாணாக்கன் ஒருவன் படத்தின்மேல் மெல்லிய தாளை வைத்துப் பிரதி எடுத்தால் சித்திர ஆசிரியர் அதனை ஏற்றுக்கொள்வாரோ? ஆட்சேபம் நியாயமானதே, ஆனால் முழுதும் நியாயம் அன்று. பிலிமிலுள்ள மடிப்பு, நிழல், மயிர் அனைத்தையும் வரைந்தால் உருவம் புலப்படாது. எதை விடுவது, எதைக் கொள்வது என்று தாள்தோறும் கை தீர்ப்புக் கூற வேண்டும். ஒரு தாளின் கோடு அடுத்த தாளின் கோட்டினின்று மயிரிழை விலகினாலும், திரையில் அவ்வுருவம் குளிர்காய்ச்சல் கண்டவன்போல் நடுங்கும். அன்றியும், அப்படியே எடுத்த பிரதி பல வேளைகளில் உயிரற்றுப் போவதையும் பிளைஷர் நிலையத்தார் விரைவில் உணர்ந்தனர். 1923-இல் அங்கு வந்து சேர்ந்த டிக் ஹியூமர் என்னும் ஓவியர், கோமாளியைக் கற்பனையாலேயே ஆட்டுவிக்கும் வழியை வளர்த்தார். தாம் கண்ட கருவியையே எல்லாவற்றுக்கும் கட்டிக்கொண்டு அழாமல், அதனை ஒதுக்கவும் இடங்கொடுத்தாரே, அது மாக்ஸின் பெருந்தன்மை என்றே கருதுகிறோம்.

1923-இல் ஐன்ஸ்டைனின் சார்புத் தத்துவத்தை விளக்கும் படமும், 1925-இல் பரிணாமத்தைக் குறித்த படமும் அவர் நிலையத்தினின்று வந்தன. பிந்தியது, பரிணாமம் கற்பித்த ஆசிரியர்மேல் டென்னெஸியில் வழக்கு நடந்த அதே ஆண்டு என்பது குறிப்பிடற்பாலது. 1924 முதல் திரையில் பாட்டின் சொற்களைக் காட்டி, சொல்லின்மேல் சொல்லாய்த் தாவும் ஒரு பந்தைக் கண்டு சபையோர் கூடிப் பாடுமாறு செய்தார். எம் ஆலயத்தில் கீர்த்தனையின் இரண்டாம் சரணத்தில் பாதிப்பேர் முன்னும் பாதிப்பேர் பின்னுமாகப் பாடும்போதெல்லாம் அப்பந்தை நினைப்பதுண்டு. இப்பாட்டுப் படங்கள் சிலவற்றிற்கு 1928-இல் வால்ட் டிஸ்னியின் புகழ்பெற்ற பேசும் சித்திரம் வருமுன்னரே ஒலி சேர்த்திருந்தனர்.

ரோட்டாஸ்கோப்பின் உச்சியை யாம் கோமாளியிடத்தன்று, ஒரு கடற்பசுவை ஒத்த விலங்கினிடத்துக் காண்கிறோம். பெட்டி பூப் என்னும் சித்திர நங்கை 1930-இல் தோன்றினாள். 1932-இல் வந்த மின்னி தி மூச்சர் என்னும் படத்தில், வீட்டைவிட்டு ஓடிய அவள் குகையொன்றில் புகுகிறாள். ஆங்கே நீண்ட தந்தமுடைய வால்ரஸ் என்னும் கடல்விலங்கின் பேய் பாடியாடுகிறது. அவ்வாட்டம் நியூயார்க்கின் கறுப்பின இசைவாணர் காப் காலவேயின் ஆட்டம். அவரைப் படமெடுத்து, அவருடைய கால் வழுக்கியோடும் நடையை அப்படியே கோடிட்டு, உடலை மட்டும் விலங்கின் உடலாக்கினர். அடுத்த ஆண்டு வந்த ஸ்நோ ஒயிட் குறும்படத்தில் அவருடைய ஆட்டத்தையே கோமாளிக்குக் கொடுத்துப் பின் அவனையும் பேயாக்கினர். பார்ப்போர்க்கு இது மனித நடை என்று உள்ளுணர்வு கூறும். கண்ணோ விலங்கைக் காட்டும். அந்த முரணில்தான் அச்சமும் அழகும் பிறக்கின்றன. ஒருவர் அசைவைக் கடன் வாங்கி அவர் உடலிலேயே மீளப் பொருத்துவது பிரதி. பிறிதோர் உடலில் புகுத்துவது படைப்பு. இஃது எம் துணிபு.

இத்துணிபுக்கு எதிர்ப்பக்கச் சான்றையும் மாக்ஸின் நிலையமே அளித்தது. 1937-ஆம் ஆண்டு மே மாதத்தில் குறைந்த கூலி பெற்ற இளைய ஓவியர்களும் வண்ணம் தீட்டுவோரும் வேலைநிறுத்தம் செய்தனர். ஏறத்தாழ ஐந்து மாதம் அது நீடித்தது. தம் ஊழியர்க்குத் தந்தைபோல் இருந்ததாக எண்ணியிருந்த மாக்ஸுக்கு அது தாங்கொணாத அடி. ஆயினும் இரவு பகலாய்க் கோடு வரைந்தோர் பக்கம் நியாயம் இல்லையென்று யாம் சொல்ல மாட்டோம். தாமே ஓராண்டு இரவுகளில் கோடு வரைந்தவர் அதனை உணர்ந்திருக்கலாம். 1938-இல் நிலையம் புளோரிடாவின் மியாமிக்கு மாறியது. ஆங்கே 1939-இல் கலிவரின் யாத்திரை முழுநீளச் சித்திரமாயிற்று. சாம் பார்க்கர் என்னும் வானொலி அறிவிப்பாளரைப் படமெடுத்து அவர் மீதே கலிவரை வரைந்தனர். மனித உடல் மனித உடலாகவே நின்றது. சுற்றிலும் ஓடும் குள்ளர்கள் கற்பனையால் துள்ள, நடுவில் கலிவர் ஒருவரே வேறோர் உலகத்தினின்று தவறி வந்தவர்போல் விறைத்துக் காண்கிறார்.

இவற்றுக்கிடையே அமெரிக்கச் சட்டப்படி 17 ஆண்டுத் தனியுரிமை 1934-இல் முடிந்தது. 1937-இன் இறுதியில் வந்த டிஸ்னியின் ஸ்நோ ஒயிட் படத்துக்கு மார்ஜோரி பெல்ச்சர் என்னும் இளம் நடனமாதை ஆடச்செய்து, அப்படிமங்களை ஓவியர்கள் வழிகாட்டியாகக் கொண்டனர். அப்படம் ஈட்டிய பொருளுக்கும் புகழுக்கும் எல்லையில்லை. வழி கண்டவர் ஒருவர். வழியில் வண்டி நிறையப் பொருள் ஏற்றிச் சென்றவர் மற்றொருவர்.

பிறகு வந்தது வீழ்ச்சி. மாக்ஸும் டேவும் ஒருவரோடொருவர் முகங்கொடுத்துப் பேசாத நிலை வந்தது. ஒருவர் கோடும் மற்றவர் நடையுமாய் ஒரே கோமாளியை உயிர்ப்பித்த இருவர் அவர்கள் என்பதை நினைக்க நெஞ்சு வருந்துகின்றது. 1941-இல் சூப்பர்மான் வரிசை வெளிவந்து பாராட்டுப் பெற்றும், ஆண்டிறுதியில் வந்த இரண்டாம் முழுநீளப் படம், அமெரிக்கா போரில் இறங்கிய அதே வேளையாதலின், எடுபடவில்லை. கடன் கொடுத்துப் படங்களை வெளியிட்டுவந்த பாரமவுண்ட் நிறுவனத்தார் நிலையத்தைத் தம் வசமாக்கினர். 1942-இல் வேறு பெயரில் அது நடக்கலாயிற்று. மாக்ஸ் டெட்ராய்ட்டில் விளம்பரப் படமும் கல்விப் படமும் செய்யும் நிறுவனத்தில் ஊதியத்துக்கு அமர்ந்தார். ஆங்கு 1948-இல் ருடால்ஃப் என்னும் கலைமான் கதையைப் படமாக்கினார். பழைய படங்கள் டெலிவிஷனுக்கு விற்கப்பட்டபோது அவற்றில் தம் பெயர் நீக்கப்பட்டதென்று 1950-களின் நடுவில் வழக்குத் தொடுத்தார். காலங்கடந்த வழக்கு என்ற காரணத்தால் தோற்றார்.

எழுதப் புகுந்ததற்கு வேறொரு காரணம் உண்டு என்றோமே, அது இந்தப் பெயர் விஷயம். இன்று சென்னையில் திரைப்படங்களுக்கும் அயல்நாட்டுப் படங்களுக்கும் கணிப்பொறியில் நுண்பணி செய்யும் கூடங்கள் பல உள. அவற்றில் ரோட்டோ என்று சுருக்கி வழங்கும் வேலை மாக்ஸின் கருவியினின்று வந்த பெயரே. நடிப்பவரைப் பின்னணியினின்று பிரிப்பதற்காக, அவர் மயிர், விரல், ஆடை விளிம்பு ஆகியவற்றைப் படிமந்தோறும் கோடிட்டுத் தரும் வேலை அது. விநாடிக்கு 24 படிமம். வீரசோழன், நரிக்குடி, திருச்சுழிப் பக்கத்தினின்று சென்ற இளைஞர் சிலர் இரவு முறையில் இவ்வேலை பார்ப்பதை யாம் நேரில் கண்டோம். அவருள் ஒருவர், வானூர்தியினின்று குதிக்கும் ஓர் அயல்நாட்டு நடிகரின் தலைமயிரை மூன்று வாரம் வரைந்ததாகச் சொன்னார். படம் வெளிவந்தபோது தோழரோடு சென்று, விளக்குப் போட்டுக் கூட்டம் வெளியேறிய பின்னும், முடிவில் ஓடும் பெயர்களைக் கடைசி வரை பார்த்திருந்தாராம். கூடத்தின் பெயர் ஓரிடத்தில் ஓடிற்று. அவர் பெயர் வரவில்லை. அவ்வேலையையும் இனிக் கணிப்பொறியே தானாய்ச் செய்துவிடும் என்ற பேச்சு எழுந்திருப்பதாகவும் சொன்னார். பிரவுன்ஸ்வில் தையற்காரர் வீட்டின் நினைவு எமக்கு அப்போது வந்தது.

கருவியின் மற்றொரு கிளையும் தமிழகத்தை எட்டியது. நடிகர் உடலில் குறிகளைப் பொருத்தி, அசைவைக் கணிப்பொறியில் ஏற்றிச் சித்திர உடலுக்குத் தரும் முறையில் 2014-இல் கோச்சடையான் வெளிவந்தது. ரஜினிகாந்தின் அசைவை ரஜினிகாந்தின் சாயலிலேயே பொருத்திய அப்படத்தைக் கண்டபோது யாம் கலிவரை நினைத்தோம். அன்பர்கள் கோபியாதிருப்பாராக.

மாக்ஸின் மகன் ரிச்சர்ட் திரைப்பட இயக்குநர் ஆனார். டிஸ்னி நிலையம் கடலடிப் பயணக் கதையொன்றைப் படமாக்க அவரை அழைத்தபோது, தந்தையின் பழைய போட்டியாளரிடம் வேலைக்குப் போவதா என்று அவர் தயங்கித் தந்தையிடம் உத்தரவு கேட்டார். தந்தை தடை சொல்லாது உடனே போகச் சொன்னார். அப்படம் 1954-இல் வெளிவந்தது. அவ்வேளையில் மாக்ஸ் டிஸ்னி நிலையத்துக்கு விருந்தினராய்ச் சென்று, தம்மிடம் முன்னாளில் வேலை பார்த்துப் பின் அங்குச் சேர்ந்த ஓவியர்களோடு ஒரே மேசையில் உணவருந்தினார்.

கலிபோர்னியாவில் சலனப்படத் தொழிலில் முதுமையடைந்தோர்க்கென அமைந்த இல்லத்தில் கடைசி ஆண்டுகளைக் கழித்து, 1972-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 11-ஆம் நாள், தம் 89-ஆம் வயதில் மாக்ஸ் பிளைஷர் காலமானார். அமெரிக்கத் தனியுரிமைப் பதிவேட்டில் 12,42,674 என்னும் எண்ணின்கீழ் அவர் கருவியின் வரைபடம் இருக்கிறது. சட்டத்தின் ஒருபுறம் ஒளி யந்திரம். மறுபுறம் ஒருவர் அமர்ந்து கோடிடுகிறார். தாளின் ஓரத்தில் மாக்ஸ் பிளைஷர் என்ற பெயர்.